சார் தொறக்கலைன்னாரு

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில், ஒரு ஃபேன்சி ஸ்டோருக்கு மேல் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கடையில் அவர் மெக்கானிக்காக இருந்தார். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை நான் ஒருமுறை கெடுத்தது போதும். நான் அவரை அண்ணா என்று கூப்பிட்டேன், அவர் என்னை சார் என்றார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர் சார் சார் என்று அழைப்பதில் எனக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை. நாவலூரில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்கு அதெல்லாம் பழகிப்போய்விடுகிறது.

குள்ளமான ஆள். சட்டையைக் கழுத்து பட்டன் வரை போட்டிருப்பார், சித்திரை வெயிலிலும். போனில் பேசுவது கஸ்டமர் என்றால் எழுந்து நின்றுதான் பேசுவார். அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு இவர் நிற்பது தெரியவா போகிறது என்று முதலாளி கேலி செய்வார். "தெரியாட்டி இன்னா சார், எனக்குத் தெரியும்ல" என்பார்.

எந்த மெஷின் வந்தாலும் அவர் உடனே திறக்க மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு நம்மை உட்காரவைத்து, "சொல்லுங்க சார், இன்னா ஆச்சு?" என்று கேட்பார். நாம் சொல்வதைச் சொன்னபடியே கோடு போட்ட நோட்டு ஒன்றில் எழுதிக்கொள்வார். பிறகு அவரே கேள்வி கேட்பார். கீழே விழுந்ததா, வோல்டேஜ் ஏறி இறங்கியதா, வேறு யாராவது கை வைத்தார்களா. இல்லை என்று நாம் சொன்னால் 'இல்லை' என்று எழுதி அடிக்கோடு போடுவார். அடிக்கோடு போட்ட பக்கம் அவர் திரும்பியும் பார்க்க மாட்டார். விழவில்லை என்று சொன்னால் அந்த மெஷின் விழவில்லை, அவ்வளவுதான்.

கஸ்டமர் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் சொல்கிற பாடம். அவருடைய முதலாளியே அதை எங்கள் எதிரில் சிரித்துக்கொண்டு சொல்வார். இவருக்கு அது ஏறவே இல்லை.

"நம்பாம எங்கேர்ந்து சார் ஆரம்பிக்கறது? ஒரு மெஷின் நிக்கறதுக்கு ஆயிரம் காரணம் கீது. நீங்க நாலு இல்லைன்னு சொன்னா நாலு கயிஞ்சுது. அதான் கணக்கு" என்றார் என்னிடம் ஒருமுறை.

சேலையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரிப் பேராசிரியை லேப்டாப் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவரும் 'தண்ணீர் படவில்லை' என்று எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு, இரண்டு நாள் பேட்டரி, சார்ஜர், ஸ்க்ரீன் கேபிள் என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார். மூன்றாவது நாள் வேறு வழியில்லாமல் கீபோர்டைத் தூக்கினார். நான் அப்போது பக்கத்தில் இருந்தேன். உள்ளே ஒரு கறிவேப்பிலையும் நாலைந்து கடுகும் கிடந்தன. யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள், நான் சிரித்தேன். அவர் கறிவேப்பிலையை இடுக்கியால் எடுத்து ஒரு காகிதத்தில் வைத்துவிட்டு, எழுந்து நின்று போன் செய்தார்.

"மேடம், நீங்க சொன்னது கரெக்டுதான் மேடம், தண்ணி படல. ரசம் மாதிரி இன்னாவோ போயிருக்கு. கீபோர்டு மாத்திட்டா போதும்."

போனை வைத்ததும் நான் கேட்டேன். "அண்ணா, அவங்க பொய்தானே சொன்னாங்க?"

"இல்ல சார். தண்ணி பட்டுச்சான்னு நான் கேட்டேன். இல்லைன்னாங்க. ரசம் பட்டுச்சான்னு நான் கேக்கவே இல்லியே. தப்பு எம்மேலதான்."

கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அன்றைக்கே நோட்டின் முதல் பக்கத்தில், கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியலில், 'ரசம், காபி, சாம்பார்?' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்.

இப்படிப்பட்ட ஒருவரிடம் பொய் சொல்வதற்கு எந்தச் சாமர்த்தியமும் தேவையில்லை. ஆனாலும் நான் நிறையச் சாமர்த்தியம் செலவு செய்தேன்.

நான் கேம் ஆடுகிறவன். முப்பது வயது தாண்டிய, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஒருவன் இப்படிச் சொல்லிக்கொள்வதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. முடிச்சூரிலிருந்து நாவலூர் போய்த் திரும்புவதற்குள் உடம்பில் உள்ள உயிரெல்லாம் ரோட்டிலேயே போய்விடும். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் யாரையாவது சுட்டால்தான் மனிதனாவேன். அதற்காக அந்தக் கடையில், கேமில் படம் திக்காமல் ஓடவைக்கிற நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒன்று வாங்கினேன். கார்டு அருமையாக ஓடிக்கொண்டிருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம்.

ஒரு மே மாதம், கார்டின் விசிறி கொஞ்சம் சத்தம் போட்டது. சென்னை மே மாதத்தில் விசிறி சத்தம் போடாமல் என்ன செய்யும்? ஆனால் நான் ஒரு வீடியோ பார்த்துவிட்டேன். கார்டைத் திறந்து, பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவினால் சூடு குறையும் என்று அதில் ஒருவர் செய்து காட்டினார். பற்பசை மாதிரி ஒரு சமாச்சாரம்தான் அது. திறக்கவிடாமல் ஒரு ஸ்க்ரூவின் தலைமேல் வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, அது கிழிந்தால் வாரண்டி போய்விடும். அதற்கும் ஒரு வீடியோ இருந்தது. என் மனைவியின் ஹேர் டிரையரை எடுத்து, ஸ்டிக்கரைச் சூடாக்கி, பிளேடால் ஓரத்திலிருந்து மெதுவாகத் தூக்கி, கிழியாமல் எடுத்துவிட்டேன். அந்த வெற்றியை மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வேலை இல்லாத வேலை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே மெமரி சில்லுகளின் மேல், சூட்டைக் கடத்துவதற்காக ரப்பர் போல மெத்தென்று சிறு சிறு பட்டைகள் இருக்கும். கடையில் அவற்றை 'பேடு' என்பார்கள். மேல்மூடியைத் தூக்கியபோது அதில் இரண்டு ஊறிய அப்பளம் மாதிரி பிய்ந்துபோயின. வேறு பேடு என்னிடம் இல்லை. மிச்சமிருந்த பேஸ்டை அந்த இடத்தில் அப்பி மூடிவிட்டு, ஸ்டிக்கரையும் அதே இடத்தில் ஒட்டினேன். நாலைந்து நாள் நன்றாக ஓடியது.

பிறகு ஆரம்பித்தது. சின்ன கேம்களில் ஒன்றும் ஆகாது. பெரிய கேம், பெரிய காட்சி வந்தால் திரை சட்டென்று கறுத்து, விசிறி ஏதோ பறந்துபோகப் போகிற மாதிரி கத்தி, மெஷின் தானே அணைந்து தானே எழும். எப்போதும் ஒரே இடம்: மழை கொட்டுகிற ஒரு பாலத்தின் மேல், ஏறக்குறைய பதினெட்டாவது நிமிடத்தில்.

கார்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். கேள்விகள் வந்தன. விழுந்ததா? இல்லை. வோல்டேஜ்? இல்லை. ரசம், காபி, சாம்பார்? இரண்டு பேரும் சிரித்தோம்.

"கார்ட தொறந்தீங்களா சார்?"

"இல்லண்ணா."

'திறக்கவில்லை' என்று எழுதினார். ஸ்கேல் எடுத்து அடிக்கோடு போட்டார். கார்டைத் திருப்பி ஸ்டிக்கரைப் பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை, கேட்டதைச் சரிபார்த்துக்கொள்கிற பழக்கம். "ஸ்டிக்கரும் ஒயுங்கா கீது" என்றார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

வாரண்டி போய்விடக் கூடாது, அவ்வளவுதான் என் நோக்கம். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே நாலு வருடத்தை ஓட்டினேன்.

பதினோரு நாள் கார்டு அவரிடம் இருந்தது. தினமும் போன் வரும். "சார், இன்னிக்கு பவர் சப்ளை மாத்திப் பாத்தேன், அதே பிராப்ளம்." "சார், இன்னிக்கு ரேம் ஒண்ணு மட்டும் போட்டு ஓட்டினேன்." "சார், பவர் கேபிள் ஒண்ணுலியே ரெண்டு தலை போட்டிருந்தேன், தனித்தனியா குட்த்துப் பாத்தேன்." டிரைவர் சாஃப்ட்வேரை முழுசாக நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டார். சூடு எவ்வளவு என்று பார்த்தார். திரையில் அளவு சரியாகவே காட்டியது, ஏனென்றால் அது காட்டுவது நடுவில் இருக்கிற பெரிய சில்லின் சூட்டை. அங்கே நான் பேஸ்டை நன்றாகத்தான் தடவியிருந்தேன். ஓரத்தில் வேகிற மெமரியின் சூட்டை அந்தக் கார்டு திரையில் காட்டாது.

"ஒரு நேரத்துல ஒண்ணுதான் சார் மாத்தணும். அவசரப்பட்டு ரெண்டு மாத்திட்டோம்னு வைங்க, எது நோவுன்னு தெரியாமயே பூடும்" என்பார். அதனால்தான் பதினோரு நாள்.

ஒரு ஞாயிறு மதியம் அவரே என் வீட்டுக்கு வந்தார். கடையிலிருந்து யாரும் அனுப்பவில்லை. வீட்டு எர்த் சரியில்லாமல் இருந்தாலும் இப்படி ஆகலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நாங்கள் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தோம். செருப்பை வெளியே விட்டுவிட்டு, பிளக் பாயிண்ட் முன்னால் தரையில் உட்கார்ந்து மீட்டரை வைத்துப் பார்த்தார். எர்த் நன்றாக இருந்தது. பிறகு கையோடு கொண்டுவந்திருந்த கார்டை மாட்டி என்னை ஆடச் சொல்லி, பக்கத்தில் நின்றபடி திரையையே பார்த்தார்.

"யார் சார் அந்தாளு? ஏன் ஓடிகினே கீறாரு?"

"அவனைக் கொல்ல வராங்கண்ணா."

"அவரு இன்னா பண்ணாரு?"

எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேம் கதையை நான் கவனித்ததே இல்லை. பாலம் வந்தது, மழை கொட்டியது, திரை கறுத்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"மழைன்னா போச்சு. நம்ம முடிச்சூர் மாதிரியே கீது சார்" என்றார். வெள்ளத்தில் எங்கள் தெருவில் கட்டில் மிதந்ததைப் பார்த்தவள் என் மனைவி. அவளே சிரித்துவிட்டாள். அவருக்குக் கேசரி கொடுத்தாள். நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அவர் படியிறங்கியதும் அவள் என் பக்கம் திரும்பினாள். "நீ அன்னைக்கு அதைத் திறந்தேல்ல? அவர்கிட்ட சொன்னியா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"சம்பந்தம் இருக்கா இல்லையான்னு அவர்தானே பாக்கணும்? பாவம் அந்த மனுஷன், ஞாயித்துக்கிழமை அதுவுமா வந்துட்டுப் போறாரு. சொல்லிடு."

வாரண்டியில் புதிய கார்டு வந்ததும் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் கழுவி வைத்த தட்டை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

கடைசியில் அவர் முடிவுக்கு வந்தார். "எல்லாத்தையும் பாத்தாச்சு சார். கார்டு உள்ள மட்டும்தான் பாக்கல. நீங்களும் தொறக்கல, நானும் தொறக்கல. அப்போ இது கம்பெனி தப்பு." நகரத்துக்குள் இருந்த சர்வீஸ் சென்டருக்கு அனுப்புவதற்கு ஒரு படிவம் உண்டு. கார்டு யாராலும் திறக்கப்படவில்லை என்று கடை மெக்கானிக் உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் தமிழில், முழுப் பெயரையும் இனிஷியலோடு எழுதினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பேனா நின்றிருக்கும்.

மூன்று வாரம் கழித்து முதலாளி கூப்பிட்டார். சர்வீஸ் சென்டரிலிருந்து போட்டோ வந்திருந்தது. போனில் காட்டினார். பிய்ந்த பேடுகள், அதன் மேல் அப்பியிருந்த பேஸ்ட். ஒருவன் தன் கையெழுத்தை அடையாளம் கண்டுகொள்கிற மாதிரி நான் அதைக் கண்டுகொண்டேன். வெளியாள் யாரோ திறந்திருக்கிறார்கள், வாரண்டி கிடையாது, பொய் உறுதி கொடுத்த மெக்கானிக்கின் கையெழுத்தை இனிமேல் ஏற்க மாட்டோம் என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். அவர் ரிப்பேர் பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

முதலாளி மரியாதையாகத்தான் கேட்டார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வீட்ல ஏதாவது கழட்டிப் பாத்தீங்களா? பாத்திருந்தா சொல்லிடுங்க, ஒண்ணும் இல்ல."

"நான் எதுக்கு சார் கழட்டப் போறேன்? எனக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது."

அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சேர்த்துக் கொடுத்தேன்.

முதலாளி அவர் பக்கம் திரும்பினார். "நீ தொறந்தியா?"

"இல்ல சார்" என்றார் உடனே. பிறகு நோட்டை எடுத்துப் புரட்டி, என் பக்கத்தைக் கண்டுபிடித்து வாசித்தார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். இப்போது என்னைச் சந்தேகப்படுவார் என்று நினைத்தேன். சந்தேகப்பட்டால் நல்லது என்றுகூட ஒரு கணம் தோன்றியது, எதிர்த்து வாதாடிவிட்டுப் போகலாம்.

"சார் தொறக்கலைன்னாரு" என்றார் மெதுவாக. "அப்போ நான்தான் சார் தொறந்திருக்கணும். பதினோரு நாளு என்கிட்டதான இருந்துச்சு. வேற யாரு தொறப்பா?"

"தொறந்தது உனக்கு ஞாபகம் இல்லையா?"

"இல்ல சார். அதான் பேஜாரா கீது."

பிறகு பெஞ்சைச் சுற்றிக்கொண்டு என் அருகில் வந்தார். "சாரி சார். உங்க கார்ட கெடுத்துட்டேன்."

"பரவால்லண்ணா" என்றேன். ஆமாம், நான் அவரை மன்னித்தேன். இதை எழுதும்போதுகூட உடம்பு கூசுகிறது.

கடை பெயர் கெடக் கூடாது என்று முதலாளி தன் ஸ்டாக்கிலிருந்தே புதிய கார்டு கொடுத்தார். அதை மாட்டியதும் மழையையும் பாலத்தையும் தாண்டி கேம் ஓடியது. குற்ற உணர்ச்சியில் என்னால் ஆடவே முடியவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் ஆடினேன். நன்றாகவே ஆடினேன். மனைவி மட்டும் அந்த அறைக்குள் வருவதை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து பென் டிரைவ் வாங்கப் போனபோது அவர் முன் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தார். பெஞ்சிலிருந்து அவரை எடுத்துவிட்டிருந்தார்கள். அவரும் சரி என்று ஒத்துக்கொண்டாராம். பென் டிரைவைக் கவரில் போட்டார். கொடுக்கும்முன் கவரைத் திறந்து பார்த்தார். கொடுத்த பிறகு, "போட்டுட்டேன் இல்ல சார்?" என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்காததால், நானே கவரைத் திறந்து காட்டினேன்.

அடுத்த முறை போனபோது அவர் இல்லை. "அவராவே நின்னுட்டாரு சார். மறதி வந்துடுச்சுன்னு சொல்லிட்டு இருந்தாரு. நல்ல வேலைக்காரன்" என்றார் முதலாளி. எங்கே இருக்கிறார் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் போக வேண்டியிருக்குமே என்று கேட்கவில்லை.

சர்ச்சில் பாவ அறிக்கை ஜெபத்தை எல்லோரும் சேர்ந்துதான் சொல்வோம். முந்நூறு பேரோடு சேர்ந்து சத்தமாகப் பாவி என்று சொல்வது மிகவும் சுலபம். நாலு வருடம் ஒவ்வொரு ஞாயிறும் சொன்னேன். பக்கத்தில் நிற்கிற என் மனைவி அந்த வரி வரும்போது என்னை ஓரக்கண்ணால் பார்ப்பதுபோல் எனக்குத் தோன்றும். அவள் பார்க்கவே இல்லாமலும் இருந்திருக்கலாம்.

போன ஜூலையில் மனைவியின் தங்கைக்குப் பொத்தேரியில் கல்லூரி இடம் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை மதியம் அவளையும் அவள் பெட்டிகளையும் கொண்டுபோய், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருந்த தனியார் ஹாஸ்டலில் விடப் போனேன். வாசலில் மேஜை போட்டு, சாவிகள் தொங்குகிற பலகைக்குக் கீழே அவர் உட்கார்ந்திருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. சட்டை கழுத்துவரை போட்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "சார்! முடிச்சூர் சார்! கார்டு ஒயுங்கா ஓடுதா?"

ஓடுகிறது என்றேன். அவர் மனைவி அங்கேயே சமையல் பார்க்கிறாராம், இவர் சாவியும் ரிஜிஸ்டரும் பார்த்துக்கொள்கிறாராம். என் மச்சினியிடம் ஒரு சாவியைக் கொடுத்துவிட்டு, ரிஜிஸ்டரில் எழுதிவிட்டு, மறுபடி பலகையைப் பார்த்தார். மறுபடி ரிஜிஸ்டரைப் பார்த்தார். "சாவி உன்கிட்டதானம்மா குட்த்தேன்?" என்றார். அவள் சாவியைத் தூக்கிக் காட்டினாள்.

பேச்சில் அவர் கம்ப்யூட்டர் மெக்கானிக் என்று தெரிந்ததும் அவள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துவிட்டாள். "அண்ணா, இது சூடாகிச் சூடாகி ஆஃப் ஆயிடுது. கொஞ்சம் பாக்குறீங்களா?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இல்லம்மா. நான் இப்ப தொடறதில்ல. செஞ்சது எனக்கு மறந்துடும். சார கேளு, சொல்லுவாரு. அவரு கார்ட நானே தொறந்து கெடுத்துட்டு, தொறந்ததே ஞாபகம் இல்லாம கம்பெனிக்கு அனுப்ச்சேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "எங்கப்பா இப்டித்தான் ஆரம்பிச்சாரு. ரேஷன் கடைக்குப் போயிட்டு, வூடு எங்க கீதுன்னு தெருவுல எல்லாரையும் கேட்டுகினு நிப்பாரு. எனக்கும் அதேதான். ஆஸ்பத்திரில ரெண்டு தபா பாத்தாச்சு. டாக்டர் ஒண்ணும் இல்லைன்றாரு. அவருக்கு இன்னா தெரியும்? சார் தொறக்கலைன்னா, நான்தான தொறந்திருக்கணும்? அப்போ என் தலைலதான இன்னாவோ கீது?"

வேலை போனதைத்தான் இத்தனை நாள் நான் என் கணக்கில் வைத்திருந்தேன். மறதி என்று முதலாளி சொன்னது இதைத்தான் என்று எனக்குத் தெரியாது. தான் திறக்கவில்லை என்பது அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்திருக்கிறது. என் வார்த்தையை நம்புவதற்காக அந்த ஞாபகத்தை அவர் சந்தேகப்பட்டிருக்கிறார்.

"அண்ணா" என்றேன். "நீங்க தொறக்கல. நான்தான் தொறந்தேன். உங்ககிட்ட கொண்டு வர்றதுக்கு முன்னாடியே."

"ஸ்டிக்கரு?" என்றார்.

"ஹேர் டிரையர்ல சூடு பண்ணி எடுத்தேன். மறுபடி ஒட்டிட்டேன்."

"பேடு?"

"ரெண்டு பிஞ்சிடுச்சு. மெமரி பக்கம்."

"மெமரி பக்கம்!" மேஜையைத் தட்டினார். "அதான் டெம்பரேச்சர்ல காட்டல! உள்ள வெந்துகினே இருந்திருக்கு, பதினெட்டு நிமிஷத்துக்கு அப்பால தாங்கல. சரிதான், சரிதான்." திட்டப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் உள்பக்கம் திரும்பிச் சத்தமாக மனைவியைக் கூப்பிட்டார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அந்த அம்மா வந்தார்.

"சார், இன்னொரு தபா சொல்லுங்க. இவ கேக்கட்டும்."

மச்சினியின் எதிரில், அந்த அம்மாவின் எதிரில், மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். முந்நூறு பேர் இல்லாமல், தனியாக. நான் முடிப்பதற்குள் அவர் கண் கலங்கி, முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. "கேட்டியா? எனக்கு ஒண்ணும் இல்லடி. நான் மறக்கல. அன்னிக்கு இல்லைன்னு மொதல்ல சொன்னேன் பாரு, அதான் கரெக்டு!" என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப தேங்க்ஸ் சார். வந்து சொன்னீங்களே."

நான் அவரைத் தேடி வரவில்லை, தற்செயலாக வந்தேன் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. அதையும் அவர் நம்பியபடியே விட்டுவிட்டேன். அவர் என் கையை விட்டுவிட்டு மச்சினியிடமிருந்து லேப்டாப்பை வாங்கிக் கவிழ்த்து, அடியில் இருந்த ஸ்க்ரூக்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார்.

அவர் மனைவி அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் பக்கம் போய், "என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றேன்.

"அவர்ட்ட கேளு சார். அவரு மன்னிச்சிடுவாரு" என்றார் அந்த அம்மா. "என்கிட்ட கேக்காத."